கெதியில் நிரம்பிய பற்றரி

சார்ஜர்கள் எல்லாம் செய்து முடிந்த அன்று பின்னேரம் ஏரம்பு ஐயா பொதுமண்டபத்துக்கு வந்தார். மேசையைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தார். ஒன்றையும் தொடவில்லை. பிறகு சால்வையை மற்றத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, "இனி ஒருத்தரும் உதுகளைக் கொழுவக்கூடாது" என்றார்.

சிவதர்சினியின் கையில் சோல்டரிங் அயன் இன்னும் சூடாறவில்லை. அவள் அதைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் ஐயா?"

"பெரியவர் வந்து தொடக்கி வைக்கோணும். கதைச்சாச்சு. தைப்பொங்கல் முடிஞ்ச கையோடை வாறனெண்டு சொல்லிப்போட்டார்."

பெரியவர் கொழும்பில் இருப்பவர். அவருடைய பதவி மாறிக்கொண்டே இருக்கும். பெரியவர் என்ற பெயர் மட்டும் மாறாது.

நிலத்தில் குந்தியிருந்து வயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேசமலர் தலையைத் தூக்கினாள். "அப்ப யானையளுக்கும் ஒரு காயிதம் போடுங்கோவன் ஐயா. பொங்கல் முடியமட்டும் வரவேண்டாமெண்டு."

சாமான் தேடித் தரும் இளைஞன் நிருஷன் சிரித்தான். ஏரம்பு ஐயா சிரிக்கவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவராக இருந்து இருந்து, சிரிப்பை அவர் கூட்டம் முடிந்த பிறகுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிறவல் பாதை முடிகிற இடம் நாவலடிக்குளம். குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு அப்பால் காடு. ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் ஊர். சண்டை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது காடு வளவுகளுக்குள் வந்து குடியிருந்தது. காட்டை வெட்டித் தள்ளினார்கள். யானைகளைத் தள்ள முடியவில்லை. அதற்காகத்தான் மின்வேலி.

வேலி என்றால் கட்டைகளில் இழுத்த இரண்டு கம்பி. ஒவ்வொரு துண்டு வேலிக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பற்றரி, பற்றரிக்கு ஒரு சோலர் பனல். பெட்டி விட்டு விட்டு ஓர் அடி அடிக்கும். தொட்ட யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போகும். சாகாது. வெருட்டுவது மட்டும்தான் அந்த வேலியின் வேலை.

பழுதாவது எப்போதும் பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜர்தான். கடையில் வாங்கியவற்றுக்குள் பல்லி முட்டையிட்டது, எறும்பு மண் கட்டியது. தப்பியவை வெயிலில் புத்தி பேதலித்து, பற்றரிக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் அதை அவித்துத் தண்ணீரை வற்ற வைத்தன. போகத்துக்கு ஒரு பற்றரி செத்தது. பற்றரி செத்தால் வேலி வெறும் கம்பி. வெறும் கம்பியை அடையாளம் காண யானைக்கு ஓர் இரவு போதும்.

சிவதர்சினி கலியாணத்துக்கு முன் கிளிநொச்சியில் ஒரு கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தவள். அதிகம் பேசமாட்டாள். ஒன்றைக் கேட்டால், பதில் வருமா வராதா என்று கேட்டவர் யோசிக்கும் அளவுக்குப் பேசாமல் இருந்துவிட்டுத்தான் வாய் திறப்பாள். அந்தச் சார்ஜரின் வரைபடத்தை அவள் இணையத்தில் கண்டெடுத்தாள். வரைந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் எடுக்கலாம், யாரும் செய்யலாம், யாரும் மாற்றலாம். மாற்றினால் மாற்றியதை மற்றவர்களுக்கும் காட்டவேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

"சும்மா தாறானோ?" என்று நேசமலர் அன்றைக்குக் கேட்டாள். "பிள்ளை, எங்களுக்கு உலகத்திலை சும்மா கிடைச்சது குண்டு மட்டும்தான். நல்லாப் பார். உள்ளுக்கை ஏதும் இருக்கும்."

உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. சங்கம் ஒத்துக்கொண்டது. கனடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் புதுப் பற்றரிகளுக்கு உதவினார்கள். நிருஷன் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்து சாமான் சேர்த்தான். பல்லி புகாமலிருக்க, றப்பர் வைத்து மூடும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குள் சார்ஜரை வைக்கலாம் என்று சொன்னது நேசமலர். இடிந்த கட்டடங்களின் ஜன்னல் அலுமினியத்தை வெட்டிச் சூடு ஆற்றும் தகடாக்கினார்கள். வெயில் ஏற ஏறச் சார்ஜர் தானாகவே தான் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும்படி சிவதர்சினி வரைபடத்தில் ஒரு மாற்றம் செய்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மாற்றத்தை ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் போட்டாள். எங்கோ பாலைவனம் உள்ள ஒரு நாட்டிலிருந்து யாரோ நன்றி சொன்னார்கள். அதை அவள் ஒருவருக்கும் காட்டவில்லை. கணவன் ஜெயந்தனுக்கு மட்டும், அவன் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஆரோ நன்றி சொல்லியிருக்கினம்" என்றாள்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தான். "அப்ப இனி உம்மோடை மரியாதையாத்தான் கதைக்கோணும்" என்றான்.

இன்னொரு நாள் வேறொருவர் அந்த இணையப் பக்கத்தில் கேட்டிருந்தார்: உங்கள் மாற்றம் மிக நல்லது, என் பற்றரி ஐந்து நிமிடத்தில் நிரம்பிப் பச்சை விளக்கு எரிந்துவிட்டது, இது எப்படி? சிவதர்சினி நெடுநேரம் யோசித்துப் பதில் எழுதினாள். உங்கள் பற்றரி செத்துவிட்டது. வெறுமையாக நெடுநாள் கிடந்திருக்கும். செத்த பற்றரி ஒன்றையும் கொள்ளாது. கொள்ளாதபடியால் உடனே நிரம்பியது போலக் காட்டும். அந்தப் பச்சை விளக்கை நம்பாதீர்கள்.

எழுதியதை நேசமலருக்குத் தமிழில் சொன்னபோது நேசமலர், "மனிசரைப் போலத்தான்" என்றாள். "கொஞ்சம் குடுத்த உடனை போதும் போதும் எண்டிறது எப்பவும் செத்ததுதான்."

ஏரம்பு ஐயா மண்டபத்துக்கு வந்த அன்று புதுப் பற்றரிகள் ஒன்றைத் தவிர எல்லாம் வெறுமையாக இருந்தன. சார்ஜர் வேலை செய்கிறதா என்று பார்க்க வெறும் பற்றரி வேண்டும் என்பதால், காலையிலிருந்து கார் பல்புகளைக் கொழுவி எரியவிட்டு எல்லாவற்றையும் வடித்திருந்தார்கள். ஒன்றை மட்டும் நிரப்பிச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். மற்றவை வரிசையில் காத்திருந்தன.

"சரி ஐயா, விழா நடக்கட்டும்" என்றாள் சிவதர்சினி. "ஒருக்கா எல்லாத்தையும் நிரப்பிப்போட்டு வைப்பம். வெறுமையா வைச்சால் பழுதாப் போயிடும்."

ஏரம்பு ஐயா அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நிரம்பின பற்றரியிலை அவர் என்னத்தைப் பிள்ளை தொடக்கி வைக்கிறது? விதைச்சு முடிஞ்ச வயலுக்கு ஆரும் நாள் பாப்பினமே? முதல் கை அவரின்ரை கையா இருக்கோணும்."

"அது பூசை இல்லை ஐயா. பற்றரி."

"உனக்கு விளங்கேல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். வாசற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒரு மண்டபம் நிறைய வயரும் பற்றரியும் லைற் எரியிற பெட்டியளும். ஆர் வந்து என்ன கேப்பான் எண்டு நான் உனக்குச் சொல்லித்தரோணுமே? பெரியவர் வந்து கையை வைச்சு, அந்தப் படத்தை இந்தச் சுவரிலை கொழுவிட்டமெண்டால் பேந்து ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கமாட்டான். விளங்குதே?"

 நிருஷன் தன் கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். நேசமலர்கூட வாயை மூடிக்கொண்டாள்.

சிவதர்சினிக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வன்னிக்குள் பற்றரி கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருந்தது. பெரியப்பா ரோச் லைற் பற்றரி இரண்டைச் சாப்பாட்டுப் பொதிக்குள் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடிக்கு வந்தார். அவரை அங்கே வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். அவள் பேருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து போய்விட்டது. பெரியப்பா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. பற்றரி என்ற சொல்லை அந்த வீட்டில் நெடுங்காலம் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். பெரியவர் வரும்வரை ஒன்றையும் பாவிப்பதில்லை என்பதற்குச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஏரம்பு ஐயா கேட்டார். எல்லோரும் தூக்கினார்கள். சிவதர்சினியும் தூக்கினாள். மண்டபத்தைப் பூட்டித் திறப்பை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார்.

பொங்கல் முடிந்தது. பெரியவருக்குக் கொழும்பில் கூட்டம் என்றார்கள். அடுத்த கிழமை அவருடைய வீட்டில் ஒரு நல்ல காரியம். அதற்கடுத்த கிழமை அவர் வெளிநாடு போய்விட்டார். தோரணத்துக்கு வெட்டிய குருத்தோலை மண்டப வாசலில் காய்ந்து சருகானது. இரண்டாம் தரம் வெட்டினார்கள். அதுவும் காய்ந்தது. வயலில் நெல் பால் பிடித்தது. பால் பிடித்த நெல்லின் வாசம் காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று யானைக்குத்தான் தெரியும்.

ஜெயந்தனின் வயல் காட்டோரத்தில் கடைசித் துண்டு. பழைய பற்றரி செத்துப் போனதால் அவன் வேலி முன்பே வெறும் கம்பியாகியிருந்தது. இரவுகளில் பரணில் இருந்து வெடி கொளுத்தினான், தகரம் தட்டினான். காலையில் வந்து, கண் சிவந்து, வாயில் சோற்றை வைத்தபடியே நித்திரையானான்.

"என்னப்பா" என்றான் ஒரு மத்தியானம். "ஒண்டை மட்டும் கொண்டுவாரும். ஒரு பற்றரியும் ஒரு சார்ஜரும். பெரியவர் வாற அண்டைக்குக் காலமை திருப்பிக் கொண்டுபோய் வைப்பம்."

அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"பொதுச் சாமானப்பா."

"நீர்தானே செய்தது."

"நான் செய்ததெண்டாப்போலை என்ரையோ? எல்லாருமாத்தானே முடிவெடுத்தது. நானும் கையைத் தூக்கினனான்."

"ஏன் தூக்கினீர்?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. பேருந்து, பெரியப்பா, ஜன்னல். அது அவள் வாய்க்கு வருவதற்குள் அவன் மடித்த வேட்டியோடு பாயில் சரிந்து நித்திரையாகிவிட்டான். அவன் காலில் பரண் ஏணியின் சிராய் குத்திய இடம் பழுத்திருந்தது. அவள் மஞ்சளும் எண்ணெயும் எடுத்துப் பூசிவிட்டாள். அவன் விழிக்கவில்லை.

அவள் ஏரம்பு ஐயாவின் வீட்டுக்குப் போனாள். படலையடியில் நின்றே கேட்டாள். பற்றரிகள் வெறுமையாகக் கிடந்து செத்துப் போகும், ஒரு நாளைக்காவது மண்டபத்தைத் திறந்து விடுங்கள், நிரப்பிவிட்டு மறுபடி பூட்டுவோம் என்றாள்.

"இந்தக் கிழமை கட்டாயம் வாறாராம் பிள்ளை" என்றார் அவர். "இவ்வளவு நாள் பொறுத்தனாங்கள். இனி நாங்களே தொட்டால் அவருக்கு என்ன மரியாதை?"

அந்தக் கிழமையும் பெரியவர் வரவில்லை. யானை வந்தது.

சிவதர்சினிக்கு விடியும்போதுதான் தெரிந்தது. வயற்பக்கமிருந்து ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. ஆனால் கத்தல் இல்லை. யானை வந்தால் கத்தல்தான் கேட்கும். அவள் செருப்புப் போடாமல் ஓடினாள்.

வரம்போரத்தில் அது முன்னங்கால்களை மடித்து, கும்பிடப் போய் அப்படியே நின்றுவிட்டதுபோல இருந்தது. பெரிய யானை இல்லை. கொம்பு இன்னும் சரியாக வெளியில் வரவில்லை. தும்பிக்கையில் கம்பி சுற்றியிருந்தது. கூட வந்தவை மிரண்டு ஓடிய பாதையில் ஜெயந்தனின் வயல் முக்கால்வாசி பாயாகக் கிடந்தது.

வாய்க்கால் பம்ப் வீட்டுக்குப் போகும் மின்சாரக் கம்பியிலிருந்து ஒரு கறுப்பு வயர் வேலிக்கு இறங்கியிருந்தது.

ஜெயந்தன் வரம்பில் இருந்தான். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் சுற்றிச் சுற்றி விரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பவில்லை.

"வெருட்டத்தானப்பா கொழுவினனான்" என்றான்.

அவள் பக்கத்தில் இருந்தாள். வெருட்டும் மின்சாரத்துக்கும் கொல்லும் மின்சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை அவள்தான் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அது இப்போது மண்டபத்துக்குள் ஒரு மேசையில் வெள்ளைத் துணி மூடி இருந்தது.

வெயில் ஏற ஏற ஊர் கூடியது. நேற்றுவரை அதைத் தூசணத்தால் திட்டியவர்கள் பிள்ளையார் என்றார்கள். பெண்கள் செவ்வரத்தம்பூக் கொண்டுவந்து அதன் நெற்றியில் வைத்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். ஜெயந்தனுக்குப் பக்கத்தில் ஒருவரும் வந்து நிற்கவில்லை.

பொலிசும் வனவிலங்கு அதிகாரிகளும் வந்தார்கள். வயரைப் படம் எடுத்தார்கள். ஜெயந்தனை வாகனத்தில் ஏற்றினார்கள். அவன் செருப்பு வரம்பில் கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வாகனத்துக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் போனாள். பிறகு நின்றாள்.

பின்னேரம் அவர்களில் இருவர் மண்டபத்துக்கு வந்தார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏரம்பு ஐயா கதவைத் திறந்துவிட்டார். வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்த்த அதிகாரி, "இதுகள் ஆர் செய்தது?" என்று கேட்டார்.

சிவதர்சினி வாசலில் நின்றாள். அவளை வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார்கள். ஏரம்பு ஐயா அவளைப் பார்க்காமல் அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பிள்ளைதான். எங்களுக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது ஐயா. சங்கம் இடம் மட்டும்தான் குடுத்தது."

நிருஷன் சுவரோடு நின்றான். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் வேலை தொடங்கியபோது எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்தை அவன் முகநூலில் போட்டிருந்தான். அன்றிரவே அது அங்கே இருக்கவில்லை.

"நானும்தான் செய்தனான்" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. நேசமலர். "இந்த மூடியெல்லாம் என்ரை. எழுதுங்கோ, நேசமலர் எண்டு."

அதிகாரி சிரித்துவிட்டார். சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்து, மூடி வைத்தார். பற்றரி சார்ஜர்தானே என்று தன் கூட்டாளிக்குச் சொன்னார். ஒன்றையும் கொண்டுபோகவில்லை. ஊர் இத்தனை நாள் பயந்த கேள்வி இரண்டு நிமிடத்தில் கேட்டு முடிந்துவிட்டது. அதற்குள் சார்ஜர்கள் எல்லோருடையதாகவும் இருப்பதை விட்டு அவளுடையதாகிவிட்டன.

ஜெயந்தனை வவுனியாவில் விளக்கமறியலில் வைத்தார்கள். பிணை கேட்டார்கள், கிடைக்கவில்லை. வழக்கை இன்னொரு தவணைக்குத் தள்ளினார்கள்.

அந்தத் தவணைக்குப் பிறகு ஒருநாள் ஏரம்பு ஐயா அவள் வளவுக்கு வந்தார். கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் இருக்கவில்லை.

"பெரியவர் வெள்ளிக்கிழமை வாறார். இது கட்டாயம். பாதுகாப்பு ஆக்கள் வந்து இடம் பாத்திட்டுப் போட்டினம்."

அவள் கதிரையைத் திரும்ப எடுத்துச் சுவரோடு வைத்தாள்.

"நீ வந்து நிக்கோணும் பிள்ளை. அவர் ஏதும் கேட்டால் சொல்ல எங்களிலை ஆருக்குத் தெரியும்?"

 முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறியது. ஏரம்பு ஐயா அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஜெயந்தன்ரை அலுவலை அவரிட்டைச் சொல்லுவம். அவர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். எல்லாம் நல்லபடியா நடந்து, ஆள் சந்தோசமா இருக்கேக்கை சொல்லோணும்."

"பற்றரியள் இப்ப செத்திருக்கும் ஐயா" என்றாள் அவள்.

"லைற் எரியுமே?"

"லைற் எரியும்."

"அது காணும்" என்றார் அவர். போகும்போது படலையை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தரம் குருத்தோலை கட்டினார்கள். நிறைகுடம் வைத்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போனது. மண்டபச் சுவரில் புதிதாக ஒரு கல் பதித்துத் துணி மூடியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக நிழலுக்குள் நழுவினார்கள். சிவதர்சினி கலியாணத்துக்குக் கட்டிய சேலைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நேசமலர் அவளுக்குப் பின்னால் நின்றாள்.

பெரியவர் மத்தியானம் தாண்டிய பிறகு வந்தார். மாலை போட்டார்கள். விளக்கேற்றினார்கள். ஏரம்பு ஐயா, "எங்கள் சங்கத்தின் அயராத முயற்சியால்" என்று தொடங்கிப் பேசினார். அந்தப் பேச்சில் யானையும் வரவில்லை, ஜெயந்தனும் வரவில்லை. பெரியவர் நாடாவை வெட்டினார். வெள்ளைத் துணியை எடுத்தார்கள். முதலாவது சார்ஜரின் சுவிட்சைப் பெரியவர் விரலால் தள்ளினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. கை தட்டினார்கள். படம் பிடிக்கிறவர் இன்னொருமுறை தள்ளச் சொன்னார். இன்னொருமுறை தள்ளினார்.

பெரியவர் கல்லைத் திறந்து, தன் பெயரை வாசித்து, சோடா குடித்து, மறுபடி மேசைக்கு வந்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதென்ன, நிறம் மாறிட்டுது?" என்றார்.

நிருஷன்தான் முந்திக்கொண்டான். "பச்சை எண்டால் நிரம்பிட்டுதெண்டு அர்த்தம் சேர்."

"அதுக்குள்ளையோ?" பெரியவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வியர்த்துக் களைத்துப் போயிருந்தார். "என்ரை வீட்டுப் பற்றரியே விடிய விடிய ஏறுது. இது இவ்வளவு கெதியாவோ? ஆர் செய்தது?"

எல்லோரும் சிவதர்சினியைப் பார்த்தார்கள்.

"நீங்களே தங்கச்சி? உண்மையா நிரம்பிட்டுதோ?"

அவள் பச்சை விளக்கைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே சோதனைக்குப் பாவித்த கார் பல்பு கிடந்தது. அதை எடுத்துப் பற்றரியில் கொழுவினால் போதும். ஒரு கணம் மின்னி, சிவந்து, மங்கி, எல்லோர் கண்முன்னும் அணைந்துபோகும். ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. பேசாமல் செய்வது அவளுக்கு எப்போதும் இலகு.

 ஏரம்பு ஐயா சால்வையின் நுனியைப் பிடித்திருந்தார். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா" என்றாள். "நிரம்பிட்டுது."

முன்னதைவிடப் பெரிதாகக் கை தட்டினார்கள். பெரியவர் அவளோடு நின்று ஒரு படம் எடுத்தார். இப்படியான பிள்ளைகள்தான் நாட்டுக்குத் தேவை என்றார். வாகனத்துக்குப் போகும் வழியில் ஏரம்பு ஐயா அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். சிவதர்சினி இரண்டு அடி பின்னால் போனாள். பெரியவர் ஏறி இருந்து, கதவைச் சாத்துவதற்கு முன், "பாப்பம்" என்றார். ஏரம்பு ஐயாவுக்குச் சொன்னாரா, அவளுக்குச் சொன்னாரா, சாரதிக்குச் சொன்னாரா தெரியவில்லை. புழுதி அடங்கும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

நேசமலர் அவளோடு வீடுவரை நடந்து வந்தாள். பாதி வழியில்தான் வாய் திறந்தாள். நேசமலர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தரம்.

"எல்லாமே செத்துப்போச்சோ?"

"சோதிச்சது ஒண்டு மட்டும் தப்பியிருக்கும்."

"நாளைக்கு வேலியளிலை கொழுவப்போயினம். முதல் நாளே தெரிஞ்சிடும். பேந்து உன்னைத்தான் சொல்லுவினம், பிழையாச் செய்து போட்டாளெண்டு."

"சொல்லுவினம்" என்றாள் சிவதர்சினி.

அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு கிழமைக்குள் சார்ஜர்கள் எல்லாம் கழற்றி மண்டபத்து மூலையில் போடப்பட்டன. இணையத்தில் சும்மா கிடைத்ததை நம்பியது பிழை, கடையில் வாங்கியிருக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. சிவதர்சினி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. சுவரில் பெரியவர் சுவிட்சைத் தள்ளும் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதில் அவளுடைய தோளும் காதும் தெரிந்தன.

பெரியவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தவணை மறுபடி தள்ளிப் போனது.

பார்வையிடும் நாளில் அவள் ஒட்டுசுட்டானில் பேருந்து ஏறிப் புளியங்குளத்தில் இறங்கி, வவுனியாவுக்கு இன்னொன்று பிடித்தாள். வரிசையில் நின்றாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஜெயந்தன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கால் புண் ஆறிவிட்டதா என்று அவள் கேட்டாள். ஆறிவிட்டது என்றான்.  பக்கத்தில் யாரோ ஒரு பெண் தன் மகனிடம் கத்திக் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நேரம் முடியப் போகிறது என்று காவலர் சொன்னபோது அவன் வலைக்குக் கிட்ட வந்தான்.

"விழா நடந்ததாமே. இஞ்சை ஒரு பெடியன் பேப்பரிலை படம் பாத்தவன். உம்மடை பற்றரியள் சார்ஜ் பிடிக்குதோ?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வலையின் நிழல் அதன் மேல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அவன் பதிலுக்குக் காத்திருந்தான். அவளுடைய பேசாமையைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கொஞ்சம் நேரம் கொடுத்தால் அவளிடமிருந்து எப்போதும் உண்மைதான் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஓம்" என்றாள். "நிரம்பிட்டுது."

"அப்ப அடுத்த போகத்துக்குப் பயமில்லை" என்றான் ஜெயந்தன். உள்ளே போன நாளிலிருந்து முதல் தரமாகச் சிரித்தான்.